சுகர் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறதா?

2021 மார்ச் முதல் வாரம். என் அத்தைக்கு அப்போது 52 வயது. எட்டு வருடமாகச் சுகர், நாலு வருடமாகப் பிரஷர், இரண்டுக்கும் தினமும் மாத்திரை. சுகர், பிரஷர் இருக்கிறவர்கள் 45 வயதுக்கு மேல் என்றால் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று டிவியில் கேட்டுவிட்டு, ஆதார் அட்டையையும் மாத்திரைச் சீட்டையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். முகாமில் இருந்த பெண் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, "இது பத்தாதும்மா, இந்த ஃபாரத்துல டாக்டர் கையெழுத்து வேணும்" என்று ஒரு தாளைத் தந்தார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனால், அவர் தாளை மேலும் கீழும் படித்துவிட்டு, "உங்களுக்கு சுகர் வந்து எட்டு வருஷம்தானேம்மா ஆகுது? பத்து வருஷத்துக்கு மேல இருக்கணும்னு போட்டிருக்கே" என்றார். அத்தை வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டது இதுதான்: "ஏன்டா தம்பி, கொரோனா என்னைப் பிடிக்க இன்னும் ரெண்டு வருஷம் காத்திருக்குமாமா?"

அந்தத் தாளில் இருந்தது மத்திய அரசு வெளியிட்ட 20 நோய்நிலைகளின் பட்டியல். அதில் சுகர் தனியாக இல்லவே இல்லை. சுகர் வந்து 10 வருடம் தாண்டியிருக்க வேண்டும், அல்லது சுகரால் வேறு பாதிப்புகள் வந்திருக்க வேண்டும், அதோடு பிரஷருக்கும் சிகிச்சையில் இருக்க வேண்டும். மாரடைப்பு வந்திருந்தாலும் பைபாஸ் செய்திருந்தாலும் கூடவே சுகரோ பிரஷரோ சேர்ந்திருக்க வேண்டும். பக்கவாதம் என்றால் ஸ்கேனில் பதிவாகியிருக்க வேண்டும், அதோடும் சுகர் அல்லது பிரஷர். இதயச் செயலிழப்பு என்றால் கடந்த ஓராண்டுக்குள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும். புற்றுநோய்க் கட்டி என்றால் 2020 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு கண்டுபிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் இப்போது சிகிச்சையில் இருக்க வேண்டும். ஜூன் மாதம் கண்டுபிடித்து, அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்துவிட்டு பிப்ரவரியில் வீட்டுக்கு வந்தவர் இந்தக் கணக்கில் நோயாளி இல்லை. டயாலிசிஸ், உறுப்பு மாற்று, எச்ஐவி, தலசீமியா, ரத்தப் புற்றுநோய், முற்றிய கல்லீரல் சுருக்கம், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகள் என்று மற்றவை.

மருத்துவப் பார்வையில் இது பைத்தியக்காரப் பட்டியல் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சுகர் இருக்கிற எல்லாரையும் சேர்த்தால் வரிசை எங்கே போய் முடியும்? சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நடத்தி 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்கிறது. 2021 மார்ச்சில் கையில் இருந்த ஊசியோ கொஞ்சம். ஆக யாரோ ஒரு குழு உட்கார்ந்து, கொரோனா வந்தால் யார் முதலில் சாவார்கள் என்று கணக்குப் போட்டு, கோட்டை எங்காவது கிழித்துத்தான் ஆக வேண்டும். என் குறை அந்தக் கோட்டின் மேல் இல்லை. கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று நிரூபிக்கும் வேலையை நோயாளியின் தலையிலேயே கட்டியதும், அதையும் 45 வயதுக்குக் கீழே யாருக்கும் தராமல் விட்டதும்தான் குறை.

இத்தனைக்கும் முதல் திட்டம் இப்படி இருக்கவில்லை. 2020 இறுதியில், அப்போது நிதி ஆயோக் உறுப்பினராக இருந்த வி.கே. பால் தலைமையிலான தேசிய நிபுணர் குழு போட்ட கணக்கில், சுமார் 30 கோடிப் பேர் முன்னுரிமைப் பட்டியலில் இருந்தார்கள். மருத்துவப் பணியாளர்கள் 1 கோடி, முன்களப் பணியாளர்கள் 2 கோடி, 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் 26 கோடி, அப்புறம் 50 வயதுக்குக் கீழே இணைநோய், அதாவது ஏற்கனவே சுகர், பிரஷர், சிறுநீரகக் கோளாறு போன்ற நோய் உள்ளவர்கள் ஒரு கோடி. "50க்குக் கீழே" என்றால் 25 வயது டயாலிசிஸ் நோயாளியும் அதில் அடக்கம். நடைமுறைக்கு வந்தபோது, 2021 மார்ச் 1 முதல், அது "60 வயதுக்கு மேல் எல்லாரும், 45 முதல் 59 வரை இணைநோய் உள்ளவர்கள்" என்று மாறிவிட்டது. அந்த ஒரு கோடியில் இளையவர்கள் சத்தமில்லாமல் கழன்று போனார்கள்.

அப்புறம் இன்னொரு வேடிக்கை. ஏப்ரல் 1 முதல் 45 தாண்டிய எல்லாருக்கும் ஊசி என்று திறந்துவிட்டார்கள், சான்றிதழே வேண்டாம். கொரோனாவில் இறந்தவர்களில் 88 சதவீதம் பேர் 45 வயதுக்கு மேற்பட்டவர்கள் என்பது அப்போது சுகாதாரத் துறை சொன்ன காரணம். நியாயமான காரணம். ஆனால் இதன்படி பார்த்தால் அந்த 20 நோய்ப் பட்டியலின் ஆயுள் சரியாக 31 நாள். அத்தைக்கும் அப்படித்தான் ஏப்ரலில் ஊசி கிடைத்தது. நோய் கூடியதால் இல்லை, பட்டியல் போனதால். வயதை வைத்தே சீக்கிரம் உள்ளே வந்துவிட இருந்தவர்களுக்கு ஒரு மாத முன்னுரிமை கொடுத்த பட்டியல், வயதால் உள்ளே வரவே முடியாதவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. 38 வயதில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவரை யோசித்துப் பாருங்கள். அவரால் ஊரடங்கிலும் வீட்டுக்குள் இருக்க முடியாது. பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துப் போய், நாலு மணி நேரம் ஒரே அறையில் பத்துப் பேரோடு படுத்திருக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் 50 வயதுக்காரர் மார்ச்சில் ஊசி போட்டுக்கொண்டார், டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா இல்லாத கையில். அதே இயந்திரம், அதே நோய். இவர் மே 1 வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் இரண்டாம் அலை வந்துவிட்டது.

இங்கிலாந்தில் இதை வேறு மாதிரி செய்தார்கள். அங்கே உச்ச ஆபத்தில் இருப்பவர்கள் என்று அரசு பட்டியலிட்டவர்கள், 16 வயதிலிருந்தே, 70 வயதுக்காரர்களோடு ஒரே பிரிவில், அதாவது நாலாவது பிரிவில் இருந்தார்கள். மற்ற நோய்கள் உள்ள 16 முதல் 64 வயதுவரையானவர்கள் ஆறாவது பிரிவு. முக்கியமான வித்தியாசம், அங்கே நோயாளி ஃபாரம் தூக்கிக்கொண்டு அலையவில்லை. குடும்ப மருத்துவரின் கணினியில் எல்லாம் ஏற்கனவே பதிவாகி இருந்தது, கடிதமோ குறுஞ்செய்தியோ வீடு தேடி வந்தது. 2021 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் உருவாக்கிய ஒரு கணிப்பு முறையை அந்தப் பதிவுகளில் ஓடவிட்டு, வயது, எடை, இனம், வசிக்கும் பகுதியின் வறுமை எல்லாம் சேர்த்துப் பார்த்து, ஒரே அடியில் 17 லட்சம் பேரைப் பட்டியலில் கூட்டினார்கள். அவர்களில் 8 லட்சத்துச் சொச்சம் பேர் அதனாலேயே ஊசி வரிசையில் முன்னுக்கு வந்தார்கள். அந்தக் கணினியும் கோமாளித்தனம் செய்யாமல் இல்லை. லிவர்பூலில் முப்பது சொச்சம் வயது பத்திரிகையாளர் ஒருவருக்கு ஊசி போட வாருங்கள் என்று அழைப்பு. ஏன் என்று விசாரித்தால், ஆறடி இரண்டு அங்குலம் என்பதை 6.2 சென்டிமீட்டர் என்று பதிந்து வைத்திருக்கிறார்கள், உடல் பருமன் குறியீடு 28,000 வந்துவிட்டது! சிரித்துவிட்டுப் போகலாம். அங்கே பிழை ஒருவரை உள்ளே கூப்பிட்டது, நம்மிடம் பிழை வெளியே அனுப்பியது.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு சட்டம். அங்கே நோய்கள் கட்டுப்பாட்டு மையத்தின் பட்டியலில் இரண்டாம் வகை நீரிழிவு "ஆபத்து அதிகம்" என்றும் முதல் வகை நீரிழிவு "ஆபத்து அதிகமாக இருக்கலாம்" என்றும் இருந்தது. இந்த "இருக்கலாம்" என்ற ஒரு சொல்லால் சிறு வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் பல மாநிலங்களில் பின்னுக்குப் போனார்கள். மார்ச் கடைசியில்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். கனெக்டிகட் மாநிலம் பிப்ரவரியில் நோய்ப் பட்டியலே வேண்டாம், வயது மட்டும் போதும் என்று அறிவித்தது. எளிது, வேகம், யாரும் பொய் சொல்லி உள்ளே வர முடியாது என்று வாதம். மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்பினர் இது பாகுபாடு என்று அமெரிக்க மத்திய அரசிடம் புகார் கொடுத்தார்கள். மாநிலத்தின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை, வயதை வைத்துப் போட்டால் வரிசை வேகமாகத்தான் நகரும். ஆனால் வேகமாக நகரும் வரிசையில் கடைசியில் நிற்பவருக்கு, முன்னால் எத்தனை பேர் சீக்கிரம் போனார்கள் என்பதில் என்ன ஆறுதல்?

நம் ஊருக்கு வருவோம். "இணைநோய்" என்ற சொல்லே தமிழ்நாட்டில் சாதாரண ஜனங்களுக்குப் பழக்கமானது மரணச் செய்திகளால்தான். சுகாதாரத் துறை தினமும் மாலையில் வெளியிட்ட அறிக்கையில் இறந்தவரின் வயது, அவருக்கு இருந்த சுகர், பிரஷர், சிறுநீரக நோய் எல்லாம் இருக்கும். இணைநோய் இல்லாமல் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று தனியாக இருக்கும். செத்தவருக்கு நோய் இருந்ததை அரசே எழுதிக்கொண்டது. உயிரோடு இருப்பவர் என்றால் டாக்டரிடம் எழுதி வாங்கி வர வேண்டும்.

சான்றிதழ் தருவது எந்தப் பதிவுபெற்ற மருத்துவராகவும் இருக்கலாம் என்பது விதி. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நிலையான டாக்டர் உள்ளவர்களுக்குத்தான் அது எளிது. மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கியே காலம் தள்ளுகிற ஆட்டோக்காரருக்கு, பத்து வருடத்துக்கு முன் முதல் பரிசோதனை எடுத்த காகிதம் எங்கே கிடைக்கும்? சுகர் இருப்பதே தெரியாமல் இருப்பவர்களை விட்டுவிடுங்கள், அவர்கள் எந்தப் பட்டியலிலும் வர மாட்டார்கள், ஐசியூவில் ரத்தம் எடுக்கும்போதுதான் தெரியவரும். எச்ஐவி உள்ளவர்கள் நிலைமை இன்னும் சங்கடம். பட்டியலில் அவர்களுக்கு இடம் உண்டு, ஆனால் அந்த இடத்தைப் பயன்படுத்த வேண்டும் என்றால் எந்த நோய் என்று எழுதிய தாளை, தெரிந்தவர் யாராவது இருக்கக்கூடிய உள்ளூர் முகாமில், மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் நீட்ட வேண்டும். பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றுதான் தோன்றும்.

காகிதம் இருந்தவர்களையும் பயம் பிடித்துக்கொண்டது, அதற்கு ஜனங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 2021 ஜனவரியில் கோவாக்சினுக்கு வெளியான முதல் தகவல் குறிப்பு, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், அதைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் எல்லாம் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றது. ஆறு வாரம் கழித்து அரசின் பட்டியல் அதே ஆட்களில் பலரை முதலில் வாருங்கள் என்று கூப்பிட்டது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் எதை நம்புவார்? இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லார் முன்னிலையிலும் ஊசி போட்டுக்கொண்டு, பயப்படாதீர்கள் என்று சொன்னார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலமானார், 59 வயது. இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் நூறு சதவீத அடைப்பு இருந்தது என்று டாக்டர்கள் விளக்கினார்கள், சுகாதாரச் செயலாளர் விளக்கினார். மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழு சொன்னது அக்டோபரில். ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவில் ஆறு மாதம் வாட்ஸ்அப் சும்மா இருக்குமா? "ஹார்ட் பேஷன்ட் போடக்கூடாதாம்" என்று சொல்லாத குடும்பக் குழு அந்த நாட்களில் தமிழ்நாட்டில் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். யாருக்கு அந்த ஊசி மிகவும் தேவையோ அவர்களைக் குறிவைத்தது போலப் பரவியது அந்தப் பயம்.

மே 1 வந்தது, 18 வயது தாண்டிய எல்லாருக்கும் திறந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்த வயதினருக்கான ஊசியை மாநிலங்களும் தனியார் மருத்துவமனைகளும் தாங்களே வாங்க வேண்டும். கோவிஷீல்டு மாநிலத்துக்கு 300 ரூபாய், தனியாருக்கு 600. பதிவு மத்திய அரசின் கோவின் இணையதளத்தில் மட்டும், நேரில் போய் நிற்கக் கூடாது. எல்லாரும் ஒரே வரிசை என்றால், விரல் வேகமாக ஓடும் ஐடி பையனும் மூச்சிரைக்க உட்கார்ந்திருக்கும் நுரையீரல் நோயாளியும் ஒரே ஸ்லாட்டுக்கு ஓடிபி போட்டுப் போட்டியிட வேண்டும் என்று அர்த்தம். அந்தத் தளத்தில் இந்திய மொழிகள் வந்ததே ஜூன் மாதம்தான், அதிலும் முதல் சுற்றில் தமிழ் இல்லை, சத்தம் போட்ட பிறகு சேர்த்தார்கள். மே 31 அன்று உச்ச நீதிமன்றம், 45க்கு மேல் உள்ளவர்களுக்கு இலவசம், கீழே உள்ளவர்கள் காசு கொடுக்க வேண்டும் என்ற இந்தக் கொள்கை மேலோட்டமாகப் பார்த்தாலே தன்னிச்சையானது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்றது. ஜூன் 21 முதல் மீண்டும் மத்திய அரசே வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது.

இந்த இடைவெளியில் கேரளா செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். மே 17 முதல் அங்கே 18 முதல் 44 வயதுவரை உள்ளவர்களில் இணைநோய் உள்ளவர்களுக்கு முதலில் போட்டார்கள். சான்றிதழைப் பதிவேற்ற வேண்டும்தான், ஆனாலும் மத்தியத் திட்டத்தில் கழன்று போன அந்த இளையவர்களுக்கு ஒரு கதவு திறந்தது. தமிழ்நாட்டில் மே 20 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் திருப்பூரில் தொடங்கி வைத்தபோது, முன்னுரிமை தொழிற்சாலைத் தொழிலாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், தெருவோர வியாபாரிகள் என்று வேலையை வைத்துப் போனது. இதுவும் தப்பில்லை, வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்கள் கிருமியை அதிகம் சந்திக்கிறார்கள். மறுநாள், மே 21 அன்று, மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. எல்லாருக்கும் எல்லாம் தேவைப்பட்ட நேரம்.

எழுந்து நடக்கவே முடியாதவர்கள் கதை இன்னும் தாமதம். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே போய் ஊசி போடுங்கள் என்று மும்பை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. மருந்து கெட்டுப்போகும், வீணாகும், போட்ட பிறகு அரை மணி நேரம் கண்காணிக்க வேண்டும் என்று மத்திய அரசு காரணங்களை அடுக்கியது. மே கடைசியில் "வீட்டுக்குப் பக்கத்தில்" மையங்கள் என்றார்கள். வீட்டுக்குள்ளேயே வரலாம் என்று அனுமதித்தது செப்டம்பரில். போலியோ சொட்டு மருந்தைத் தெருத் தெருவாகத் தூக்கிக்கொண்டு போன நாடு இது.

ஊசி போட்டதோடு பிரச்சினை தீராதவர்களும் உண்டு. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். அந்த மாத்திரை தடுப்பூசியின் வேலையையும் அடக்கிவிடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் உறுப்பு மாற்று செய்துகொண்ட 658 பேரிடம் பார்த்தபோது, எம்ஆர்என்ஏ ஊசி (ஃபைசர், மாடர்னா) இரண்டு டோஸ் போட்ட பிறகும் 46 சதவீதம் பேருக்கு கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியே உருவாகவில்லை. அமெரிக்கா 2021 ஆகஸ்டிலும் இங்கிலாந்து செப்டம்பர் தொடக்கத்திலும் இவர்களுக்கு மூன்றாவது டோஸைக் கொடுத்தன, அக்டோபரில் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. இது பூஸ்டர் இல்லை, கவனியுங்கள். பூஸ்டர் என்றால் வந்த பாதுகாப்பு குறையும்போது ஏற்றிவிடுவது. இது முதலில் வராத பாதுகாப்பை வரவைக்கும் முயற்சி. அமெரிக்காவில் அப்போது இரண்டாவது டோஸிலிருந்து 28 நாள் கழிந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது.

இந்தியாவில் 2022 ஜனவரி 10 அன்று "முன்னெச்சரிக்கை டோஸ்" என்று தொடங்கியபோது, மருத்துவ மற்றும் முன்களப் பணியாளர்களுக்கும், இணைநோய் உள்ள 60 வயது தாண்டியவர்களுக்கும்தான். அதுவும் இரண்டாவது டோஸுக்குப் பிறகு ஒன்பது மாதம் கழித்து. முதலில் சான்றிதழ் என்ற பேச்சு வந்து, பிறகு தேவையில்லை, டாக்டரிடம் கேட்டுக்கொண்டால் போதும் என்றார்கள், அந்த அளவுக்குப் பாடம் படித்திருந்தார்கள். 40 வயதில் சிறுநீரகம் மாற்றியவருக்கு இந்தப் பட்டியலிலும் இடமில்லை. ஏப்ரல் 10 முதல் தனியார் மருத்துவமனையில் ஊசிக்கு 225 ரூபாயும் அதன்மேல் 150 வரை சேவைக் கட்டணமும் கொடுத்து, மற்ற எல்லாரையும் போல ஒன்பது மாதக் கணக்கில் போட்டுக்கொள்ளலாம் என்றது அரசு. இலவசமாகக் கிடைத்தது ஜூலை 15 முதல், 75 நாட்களுக்கு.

இன்றைக்கு இன்னொரு தொற்று வந்தால் தமிழ்நாட்டிடம் 2021 மார்ச்சில் இல்லாத ஒன்று இருக்கிறது. அந்த வருடம் ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே போகிறது, வீட்டில் டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகள் போகின்றன, படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் நடக்கிறது. யார், எந்தத் தெரு, என்ன நோய் என்று பெயரோடு இருக்கிறது. யாரும் ஃபாரத்தோடு அலையத் தேவையில்லாத பட்டியல் அது, இங்கிலாந்தின் கணினிப் பதிவு அளவுக்கு இல்லாவிட்டாலும். ஆனால் தனியாரிடம் மட்டுமே போகிறவர்கள் அதில் இல்லை. கீமோ எடுப்பவர், ஸ்டீராய்டில் இருப்பவர், இளம் வயது உறுப்பு மாற்றுக்காரர் எல்லாம் இன்னும் அவரவர் ஆஸ்பத்திரி ஃபைலுக்குள்தான் இருக்கிறார்கள்.

அத்தையும் அந்தப் பதிவேட்டில் இல்லை, இன்னமும் அதே டாக்டர், அதே மருந்துக் கடை. அவருக்குச் சுகர் வந்து பத்து வருடம் நிறைந்தது 2023இல். கொரோனா அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததும் அந்த வருடம்தான், மே 5.